பார், சொல், தொடாதே

ஒராலியாவின் புருஷனை இன்னொருத்தியோடு ஜோடி சேர்த்து வைத்தது வாஷிங்டன்காரர்களின் சட்டம்தான். அப்படித்தான் அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தினமும் எட்டு மணி நேரம் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, தன் புருஷனும் வேறொரு பெண்ணும் பேசுவதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டு, நேரம் போட்டு எழுதி வைக்கிற வேலை அவர்களுக்கு வாய்க்கவில்லையே!

பாலோ செக்கோ கவுண்டி என்கிற எல்லை மாவட்டத்தில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் டெக்சாஸ், அந்தப் பக்கம் மெக்சிகோ. பிப்ரவரி மாதம் ராணுவம் வந்து இறங்கியது. பண்ணை வேலிகளை ஒட்டி ஆறு டவர்கள் முளைத்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கேமரா, ஒரு சிப்பாய். ஆனால் பாருங்கள், சொந்த நாட்டுக்குள்ளே ராணுவம் போலீஸ் வேலை பார்க்கக் கூடாது என்று நூற்றைம்பது வருஷமாக ஒரு சட்டம் இருக்கிறது. வேலி தாண்டி வருகிறவனைச் சிப்பாய் பார்க்கலாம். நிறுத்தக் கூடாது, சோதனை போடக் கூடாது, கையைக் கட்டக் கூடாது. மறந்துவிடாமல் இருக்க ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு மஞ்சள் அட்டை வைத்துக்கொடுத்திருந்தார்கள். அதில் மூன்றே வரி. பார். சொல். தொடாதே.

யாரிடம் சொல்வது? கவுண்டி போலீஸிடம். சிப்பாய் ரேடியோவில் கூப்பிட்டால் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் டெபுடி ஒருவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பிடித்து, அத்துமீறி நுழைந்ததாக வழக்கு எழுதுவான். நாலாம் டவரில் உட்கார்ந்திருந்தவள் கார்ப்பரல் பிரென்னா டாலிவர், இருபத்து மூன்று வயது, ஒஹையோக்காரி. அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பான ஆள் லியாண்ட்ரோ சமாரிப்பா. ஒராலியாவுக்குத் தாலிக்குப் பதில் சர்ச்சில் மோதிரம் போட்டுப் பத்தொன்பது வருஷம் ஆன புருஷன்.

அவள் கண், இவன் கை. கண்ணில் பட்டதையெல்லாம் கை ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை.

"டவர் நாலு. வேலி ஓரமா ரெண்டு பேர் வடக்கால நடக்கிறாங்க. வர்றீங்களா சார்?"

"வந்துக்கிட்டே இருக்கேன். நீ கீழ இறங்காதே, மிஹா. வெயில் கொளுத்துது. தண்ணி குடிச்சியா?"

தண்ணீர் குடித்தாளாம்! ஒராலியா பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி நேரத்தை எழுதினாள். மிஹா என்றால் 'என் மகளே' என்று அர்த்தம். அந்தப் பக்கத்தில் டாக்கோ ரொட்டி விற்கிற சின்னப் பெண்ணையும் அப்படிக் கூப்பிடுவார்கள், கட்டின பெண்டாட்டியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் லியாண்ட்ரோ அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எந்த வருஷம் அது நின்றது என்று யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை. நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

ஷெரிஃப் ஆபீசின் ரேடியோ அறையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று ஒராலியாவுக்கு, அவள் காது. இன்னொன்று செலோவுக்கு, அவள் வரைபடம். கவுண்டி வண்டிகள் எங்கெங்கே நிற்கின்றன, எங்கே போகின்றன என்று செலோவின் திரையில் பச்சைப் புள்ளிகளாக ஊரும். பதினான்கு வருஷமாக இதே ஏற்பாடு. ஒருத்தி திரையை இன்னொருத்தி எட்டிப் பார்க்கிற வழக்கமே கிடையாது. வியாழக்கிழமை செலோவுக்கு விடுமுறை. மூன்றாவது ஆளைப் போடுவதற்குக் கவுண்டிக்கு மனசு இல்லாததால் அன்றைக்கு அந்தத் திரை சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்கும்.

செலோ வெறும் கூட வேலை பார்க்கிறவள் இல்லை. பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒராலியாவின் ஒரே மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவள் அவள்தான். அதனால் ஒருத்தியை ஒருத்தி 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள். உடன்பிறந்தவளைவிட அது ஒரு படி மேல். கிறிஸ்துமஸுக்கு இருவரும் செலோவின் சமையலறையில் உட்கார்ந்து தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை இருநூறு மடிப்பார்கள். செலோவின் புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு வீட்டில் ஒரு குழாய் சொட்டினால்கூட ஒராலியாதான், "போய்யா, போய்ப் பாத்துட்டு வா, பாவம் ஒத்தைப் பொம்பளை" என்று லியாண்ட்ரோவை விரட்டி அனுப்புவாள். போன கோடையில் கூலர் கெட்டபோதும் அப்படித்தான்.

"என்ன கொமாத்ரே, இன்னைக்கு உன் சக்களத்தி எத்தனை தடவை கூப்பிட்டா?" என்று செலோ சீண்டுவாள்.

"ஒம்போது. அதுல மூணு தடவை வெறும் மாடு."

"மாடா?"

"மாட்டைப் பாத்துட்டு ஆளுன்னு கூப்பிட்டிருக்கா. அவரும் ஓடிப் போயிருக்காரு. எனக்குக் கடையில வெங்காயம் வாங்கிட்டு வரச் சொன்னா மட்டும் கால் வலிக்குது."

செலோ விழுந்து விழுந்து சிரித்தாள். "அங்க டவருக்குக் கீழ ட்ரெய்லர் ஒண்ணு போட்டிருக்காங்க, தெரியுமா? சிப்பாய்ங்க ஓய்வெடுக்க. கூலர்கூட வெச்சிருக்காங்களாம். சொகுசுதான்."

அந்த ட்ரெய்லர் ஒராலியாவின் மூளைக்குள் புகுந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டது.

ஏப்ரலில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் உருளைக்கிழங்கும் முட்டையும் வைத்து டாக்கோ மடித்து எடுத்துக்கொண்டு நாலாம் டவருக்கே போய்விட்டாள். ஷெரிஃப் ஆபீசிலிருந்து சிப்பாய்களுக்கு மரியாதை செய்ய வந்திருக்கிறாளாம்! ஏணியில் இறங்கி வந்த பெண்ணைப் பார்த்தாள். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. முகவாயில் இரண்டு பரு. சட்டை தொளதொளவென்று தொங்கியது. 'இதற்கா?' என்று ஒரு நிமிஷம் ஆறுதலாக இருந்தது. அடுத்த நிமிஷமே, 'இருபத்து மூன்று வயதுக்கு வேறு என்ன வேண்டும்?' என்று பழையபடி பற்றிக்கொண்டது.

"நீங்கதானா மேடம் அது! உங்க குரலைத் தினம் கேக்கறேன்" என்று பிரென்னா இரண்டு கையாலும் டாக்கோவை வாங்கிக்கொண்டாள். "டெபுடி சமாரிப்பா உங்களைப் பத்திப் பேசிக்கிட்டே இருப்பார்."

"அப்படியா? என்ன பேசுவார்?"

"உங்க காது ரொம்பக் கூர்மைன்னு. உங்ககிட்ட எதையும் மறைக்க முடியாதுன்னு."

"மறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

அந்தப் பெண் சிரித்துவிட்டு டாக்கோவைக் கடித்தாள். ஒராலியா ட்ரெய்லரைப் பார்த்தாள். ஜன்னலில் கூலர் இருந்தது. செலோ சொன்னது சரிதான். வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த டாக்கோவை நாய்க்குப் போட்டாள்.

மே மாதம் வந்தது. ஒரு வியாழக்கிழமை. நிழலில் நூற்றுநாலு டிகிரி. இரண்டு ஐந்துக்கு நாலாம் டவர் கூப்பிட்டது.

"ஒரு ஆள், தனியா, வேலிக்கு உள்பக்கம். தள்ளாடுறான். வர்றீங்களா சார்?"

"கேட்டுட்டேன். வர்றேன்."

ஒராலியா நேரத்தை எழுதினாள். எழுதும்போதே புருவம் சுருங்கியது. லியாண்ட்ரோ பேசும்போது பின்னால் எப்போதும் இன்ஜின் சத்தம் இருக்கும், டயருக்கு அடியில் சரளைக்கல் கரகரக்கும். இன்றைக்கு எதுவும் இல்லை. அதற்குப் பதில் ஒரு கூலர் உறுமியது. நடுநடுவே டொக், டொக் என்று ஏதோ இடித்தது.

இரண்டு இருபதுக்கு பிரென்னா மறுபடி கூப்பிட்டாள். "சார், அவன் கேட் பக்கம் போறான். ரோட்டைத் தாண்டிட்டா காட்டுக்குள்ள போயிடுவான். எங்க இருக்கீங்க?"

"வழியில இருக்கேன்." பின்னால் அதே கூலர்.

வழியிலாம்! யார் தலையில் மிளகாய் அரைக்கிறான்? பதினான்கு வருஷம் இந்தக் காதுதான் அவளுக்குச் சோறு போட்டது. ஆள் எங்கேயும் வழியில் இல்லை. கூலருக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறான். கூலர் எங்கே இருக்கிறது? ட்ரெய்லரில் இருக்கிறது. அப்புறம் அந்தப் பெண் எதற்கு ரேடியோவில் கூப்பிடுகிறாள்? எதற்கா! எல்லாம் பதிவாகிறதே, பதிவுக்காக நாடகம். பொறாமை பிடித்தவளுக்கு விடை கிடைக்காத கேள்வியே கிடையாது. பக்கத்து நாற்காலிக்கு முன்னால் திரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து அதைத் திருப்பியிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அவள் எழவில்லை. காதே போதும் என்று இருந்துவிட்டாள்.

இரண்டு இருபத்தாறுக்கு இன்னொரு தடவை கூப்பிட்டாள் பிரென்னா. பதில் வரவில்லை. அப்புறம் ஐந்து நிமிஷம் சத்தமே இல்லை. இரண்டு முப்பத்தொன்றுக்கு மூச்சு வாங்க வந்தது குரல்.

"டவர் நாலு. அவன்... என்கிட்ட இருக்கான். கையைக் கட்டிட்டேன். கேட் பக்கம்."

ஒராலியாவின் பேனா நின்றுவிட்டது. கட்டினாளா? சிப்பாயா? சட்டைப் பையில் அந்த மஞ்சள் அட்டையை வைத்துக்கொண்டா?

லியாண்ட்ரோவின் குரல் அவசரமாகக் குறுக்கே விழுந்தது. "சரி மிஹா, சரி. இனிமே ரேடியோவில பேசாதே. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் அவனுடைய அறிக்கை நேரம் சரிபார்க்க அவள் மேசைக்கு வந்தது. 'பிற்பகல் 2:12. நானே நேரில் சென்று, வில்மர் ஒர்டோனியெஸ் என்ற நபரைத் தடுத்து நிறுத்தி, கைவிலங்கிட்டுக் கைது செய்தேன்.' கீழே சத்தியம் செய்து கையெழுத்து. ஒராலியா மூன்று தடவை படித்தாள். தன் புருஷன் பத்தொன்பது வருஷத்தில் ஒரு பெண்ணுக்காகப் பொய் எழுதிப் பார்த்ததில்லை. இப்போது எழுதியிருக்கிறான். அதுவும் சத்தியம் செய்து. இதைவிடப் பெரிய காதல் கடிதம் வேண்டுமா?

 காகிதத்தை ஃபைலில் போட்டாள். ஒரு மாதம் அது அவளுக்குள்ளேயே கிடந்து புழுங்கியது.

ஜூன் நடுவில் சம்மன் வந்தது. வில்மருக்காக வாதாட அரசு செலவில் அமர்த்தப்பட்ட வக்கீல் கார்வின் பெல், சிறையில் அவனைப் பார்த்துப் பேசியிருக்கிறார். 'என்னைக் கட்டினது போலீஸ் இல்லை, ராணுவ உடுப்புப் போட்ட ஒரு சின்னப் பொண்ணு' என்று அவன் சொல்லியிருக்கிறான். ரேடியோ பதிவையும், லியாண்ட்ரோவின் வண்டி அந்த ஒரு மாதம் எங்கெங்கே நின்றது என்ற விவரத்தையும் கோர்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ரேடியோ பதிவு ஒராலியாவின் கையில். வண்டி விவரத்தை, வண்டிகளில் இடம் காட்டும் கருவியைப் பொருத்திய கம்பெனி முத்திரையிட்ட உறையில் நேராகக் கோர்ட்டுக்கு அனுப்பிவிடும். பதிவேடுகளுக்குப் பொறுப்பாளர் என்ற முறையில் அவள் சாட்சிக் கூண்டில் பிரித்து வாசிக்க வேண்டியது மட்டும்தான்.

அன்று சாயந்தரம் லியாண்ட்ரோ சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"ஒராலியா, அந்த டேப் அழிஞ்சு போச்சுன்னு சொல்லிடேன்."

"தொண்ணூறு நாள் இருக்கும்னு கவுண்டியில எல்லாருக்கும் தெரியும்."

"மெஷின் கெட்டுப் போச்சுன்னு சொல்லு. அந்தப் பொண்ணு சின்னவ. தெரியாம ஒரு தப்பு பண்ணிட்டா. வெளிய தெரிஞ்சா அவ வாழ்க்கையே போயிடும். அவ எனக்கு மக மாதிரி."

"மக மாதிரி! நம்ம மகளுக்குப் பல்லு வலிச்சப்ப நீ எங்க போன?"

"அதை எதுக்கு இப்ப இழுக்கற?"

"சொல்லு, அன்னைக்கு எங்க இருந்த? வழியில இருக்கேன்னியே, எந்த வழி அது? கூலர் வெச்ச ரோடு இந்த டெக்சாஸ்ல எங்க இருக்கு?"

அவன் முகம் வெளுத்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துத் திருப்திப்பட்டாள், அந்தத் திருப்தியே நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"நான் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றான் மெதுவாக. "நீ அந்த டேப்பைப் போட்டா என் பேட்ஜ் போயிடும். வீட்டுக்குப் பாதிச் சம்பளம் போயிடும். அவளுக்காக வேண்டாம், நமக்காகக் கேக்கறேன்."

"அவளுக்காகத்தானே பொய் எழுதின? நமக்காகன்னு இப்பத்தான் ஞாபகம் வருதா?"

செலோவும் கெஞ்சினாள். அதுதான் ஒராலியாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாள் சீண்டிக்கொண்டிருந்தவள், வண்டி விவரமும் கோர்ட்டுக்குப் போகிறது என்று கேட்டதும் காபிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டாள்.

"வண்டி விவரமா? அது எதுக்கு?"

"அவர் எங்க இருந்தார்னு தெரிய வேண்டாமா?"

"கொமாத்ரே, வேண்டாம். ஆம்பளைங்கன்னா அப்படி இப்படித்தான் இருப்பாங்க. குடும்பத்தைக் கோர்ட்ல வெச்சு உடைக்காதே. அந்தப் பொண்ணு எப்படியும் செப்டம்பர்ல போயிடுவா."

"செப்டம்பர் வரைக்கும் நான் இந்தக் கருமத்தைக் காதுல வாங்கணுமா?"

செலோவின் கண்ணில் நீர் நின்றது. எவ்வளவு பாசம் என்று ஒராலியா நினைத்துக்கொண்டாள். அவள் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள்.

உண்மைக்காகப் போகிறேன் என்றெல்லாம் ஒராலியா தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. சிறையில் ஒருவன் முப்பத்து மூன்று நாளாகக் கிடக்கிறான் என்பது அவளுக்கு ஃபைலில் இருக்கிற ஒரு எண், அவ்வளவுதான். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நாலாம் டவரில் அந்தக் குரல் ஓய வேண்டும். அந்தப் பெண் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒஹையோவுக்குப் போக வேண்டும். புருஷனின் பேட்ஜ் போனாலும் பரவாயில்லை, புருஷன் வீட்டில் இருப்பான். அப்புறம் அவன் யாரிடம் போய்த் தண்ணீர் குடித்தாயா என்று கேட்பான்?

செவ்வாய்க்கிழமை காலை விசாரணை. வில்மரை அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். இருபத்தைந்து வயது இருக்கும், எலும்பும் தோலுமாக. மொழிபெயர்ப்பைக் கேட்க அவனுக்கும் ஒரு ஹெட்ஃபோன் மாட்டியிருந்தார்கள். அவன் அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தையும் தவறிவிடக் கூடாது என்பதுபோலக் கேட்டான். அந்த உட்காரும் விதம் ஒராலியாவுக்கு நன்றாகத் தெரிந்த விதம். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லியாண்ட்ரோ முதலில் கூண்டில் ஏறினான். இரண்டு பன்னிரண்டுக்குத் தானே பிடித்ததாக மறுபடியும் சத்தியம் செய்து சொன்னான். இறங்கும்போது பெண்டாட்டியைப் பார்த்தான். நாயைப் பூட்டிவிட்டு வெளியூர் போகும்போது அது பார்க்குமே, அப்படி ஒரு பார்வை. அவள் எழுந்து போய்க் கூண்டில் நின்றாள்.

டேப் ஓடியது. கோர்ட் முழுக்க அந்தக் குரல். 'அவன்... என்கிட்ட இருக்கான். கையைக் கட்டிட்டேன்.'

"இது யார் குரல், மிஸஸ் சமாரிப்பா?" என்று கேட்டார் பெல்.

"டவர் நாலு. கார்ப்பரல் டாலிவர்."

"நேரம்?"

"ரெண்டு முப்பத்தொண்ணு. என் கையால எழுதினது."

"கைதுன்னு அறிக்கையில எழுதியிருக்கற நேரம்?"

"ரெண்டு பன்னிரண்டு."

"அடுத்தாப்ல வர்ற ஆண் குரல்?"

"என் புருஷன்."

கோர்ட்டில் சலசலப்பு. நீதிபதி ஹாலோவே சுத்தியலைத் தட்டினார். வயதானவர், காதில் கருவி மாட்டியிருந்தார். "ராணுவம் வெளிநாட்டு எதிரிக்காக இருக்கு" என்றார் நிதானமாக. "நம்ம ஊர் ரோட்டுல நடக்கறவன், அவன் யாரா இருந்தாலும், அவன் கையைக் கட்டறது அதோட வேலை இல்லை. அந்தக் கோடு அழிஞ்சா அப்புறம் உங்க வீட்டுக் கதவைத் தட்டறது யாருன்னு உங்களுக்கே தெரியாது. மேல கேளுங்க, மிஸ்டர் பெல்."

"டெபுடி அங்க இல்லைன்னா வேற எங்க இருந்தார்னு பார்க்கலாம். உறையைப் பிரிங்க, மேடம். ரெண்டு பன்னிரண்டுக்கு வண்டி எங்க இருந்துச்சு?"

ஒராலியா உறையைக் கிழித்தாள். ருசித்துக் கிழித்தாள் என்றே சொல்ல வேண்டும். மூன்று மாத எரிச்சல் அந்த விரல்களில் இருந்தது. பண்ணைச் சாலை, நாலாம் டவர், ராணுவ ட்ரெய்லர்: வாசிக்கப்போவது மனப்பாடமாகவே இருந்தது. வரியைத் தேடிப்பிடித்துக் கணீரென்று வாசித்தாள்.

"ஒரு மணி நாலு நிமிஷத்துல இருந்து ரெண்டு நாப்பத்தொம்போது வரைக்கும், நானூத்திப் பன்னிரண்டு, விசாச்சே தெரு."

வாசித்து முடித்த பிறகுதான் வாசித்தது காதில் விழுந்தது.

கண் தானாகக் கீழே இறங்கியது. ஒரு மாத விவரம் அல்லவா? அதற்கு முந்தைய வியாழக்கிழமை, விசாச்சே தெரு. அதற்கும் முந்தைய வியாழன், விசாச்சே தெரு. அதற்கும் முந்தையது. ஒரு நாள் தவறவில்லை. மற்ற நாளெல்லாம் நாலாம் டவருக்குப் போன வண்டி பத்து நிமிஷம், பன்னிரண்டு நிமிஷத்தில் திரும்பியிருந்தது. ட்ரெய்லரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. டொக், டொக் என்று இடித்த அந்தக் கூலர் எது என்று இப்போது தெரிந்தது. 'றெக்கை வளைஞ்சிருக்கு, எவ்வளவு நிமித்தினாலும் இடிக்குது' என்று போன கோடையில் லியாண்ட்ரோ வந்து சொன்னானே, அதே கூலர்.

"அந்த விலாசம் உங்களுக்குத் தெரியுமா?" என்று பெல் கேட்டார். அவருக்கு நிஜமாகவே தெரியாது.

ஒராலியா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். சத்தியம் செய்தாகிவிட்டது.

"தெரியும். எனக்குப் பக்கத்து நாற்காலியில உக்காந்து வேலை பாக்கறவளோட வீடு. என் மகளோட ஞானத்தாய்."

அதற்குப் பிறகு அதிக நேரம் ஆகவில்லை. கட்டியவளுக்குக் கட்ட உரிமை இல்லை, கட்டியதாக எழுதியவன் அங்கே இல்லவே இல்லை என்று சொல்லி நீதிபதி வழக்கைத் தள்ளிவிட்டார். பொய்ச் சத்தியத்தைப் பற்றித் தனியாக விசாரிக்கச் சொன்னார். ஷெரிஃப் லியாண்ட்ரோவிடம் வந்து, ஐந்து மணிக்குள் ஆபீசுக்கு வந்து வண்டியையும் பேட்ஜையும் கொடுத்துவிட்டுப் போ என்றார். வில்மர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு தடவை, "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டான். வெளியே அவனை ஏற்றிக்கொண்டு போக வேறு உடுப்புக்காரர்களின் வண்டி ஒன்று, குடியேற்றத் துறையுடையது, நின்றிருந்தது. அதை யாரும் அவனுக்கு மொழிபெயர்க்கவில்லை.

நடைபாதையில் பெஞ்சில் பிரென்னா உட்கார்ந்திருந்தாள். சாட்சிக்குக் கூட்டி வந்து, கூப்பிடாமலே விட்டுவிட்டார்கள். ஒராலியாவைப் பார்த்ததும் எழுந்து விறைப்பாக நின்றாள்.

"மூணு தடவை கூப்பிட்டேன் மேடம். அவர் வரலை. அப்புறம் போன்ல அடிச்சேன். 'கட்டி வை, ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன், என் பேர்லயே எழுதிக்கறேன், ஒண்ணும் ஆகாது'ன்னார். அவர் போலீஸ், இத்தனை வருஷ சர்வீஸ். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சிட்டேன். நான் நினைச்சிருக்கக் கூடாது." சட்டைப் பையிலிருந்த மஞ்சள் அட்டையைத் தொட்டுக்கொண்டாள். "நாளைக்கு என்னை ஊருக்கு அனுப்பறாங்க."

மூன்று மாதமாக வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. ஒராலியா அந்த உரிந்த மூக்கைப் பார்த்தாள். வாயில் வசவுதான் வந்தது, ஆனால் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

"தண்ணி குடிச்சியா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. ஒராலியா நிற்கவில்லை.

கோர்ட்டுக்காகக் கேட்டிருந்த அனுமதி இரண்டு மணி வரைக்கும்தான். வேலைக்குப் போனாள். செலோ தன் நாற்காலியில் இருந்தாள். கோர்ட்டிலிருந்து யாரும் இன்னும் போன் செய்யவில்லை போல.

"என்னாச்சு கொமாத்ரே? முகம் ஏன் இப்படி இருக்கு? காபி போடட்டுமா?"

ஒராலியா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். பிறகு கையை நீட்டி, செலோவின் முன்னால் இருந்த திரையைப் பிடித்து, கர்ரென்று மேசை மேல் தேய்த்து இழுத்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"செலோ" என்றாள். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக வெறும் பெயர். "உன் வீட்டுக் கூலர் இன்னும் டொக்கு டொக்குன்னு இடிக்குது. அவன் ஒழுங்காவே ரிப்பேர் பண்ணலை. நான்தான் அனுப்பி வெச்சேன், மன்னிச்சுக்கோ."

 செலோ பையை எடுத்துக்கொள்வதும், கதவு சாத்திக்கொள்வதும் ஒராலியாவுக்கு ஹெட்ஃபோனையும் தாண்டிக் கேட்டது.

திரையில் பச்சைப் புள்ளிகள் ஊர்ந்தன. லியாண்ட்ரோவின் புள்ளி கோர்ட்டை விட்டுக் கிளம்பி, பெட்ரோல் பங்க் முனையில் வந்து நின்றது. இடது பக்கம் திரும்பினால் வீடு. வலது பக்கம் விசாச்சே தெரு. நேராக வந்தால் இந்த ஆபீஸ். புள்ளி நகரவில்லை.

ரேடியோ கரகரத்தது. பின்னால் இன்ஜின் சத்தம் சுத்தமாகக் கேட்டது.

"ஒராலியா... மிஹா. கேட்டுக்கிட்டு இருக்கியா?"

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிற்பகல் 2:17. பேனாவை எடுத்து, எல்லோருடைய அழைப்பையும் எழுதுவதுபோல நேரத்தை எழுதினாள்.